அலை இல்லாத கடல் வேணும்

குழு: தாத்தா வீடு 🏠

*சனிக்கிழமை*

கவிதா, இரவு 8:12
எல்லாரும் இருக்கீங்களா? அப்பா அம்மா விசா வந்துருச்சு! ஆகஸ்ட் கடைசில ஃப்ராங்க்ஃபர்ட் வாராங்க

சித்தப்பா
வாழ்த்துக்கள் 💐💐💐💐

செல்வி அத்தை
திருச்செந்தூர் முருகன் துணை. எத்தன மாசம் இருப்பாங்க

கவிதா
ரெண்டு மாசம் அத்தை. ஜெர்மனி விசாதான், ஆனா அத வச்சே கிரீஸும் போயிட்டு வந்துரலாம். அதான் ஒரு யோசனை. செப்டம்பர்ல ஆறு நாள் ஒரு கிரேக்கத் தீவு. முருகன் அண்ணனும் பிரியா மதினியும் சென்னைல இருந்து ஏதென்ஸ் வந்துட்டா எல்லாரும் சேந்து போலாம்

பிரியா மதினி
சாண்டோரினி!!!!!

பிரியா மதினி
அந்த நீலக் கலர் கோபுரம், வெள்ளை வீடு. நான் வெள்ளைச் சேலையே எடுத்து வச்சுட்டேன்

முருகன் அண்ணன்
எவ்ளோ ஆகும்னு முதல்ல கேளு

பிரியா மதினி
நீங்க சும்மா இருங்க

கவிதா
மதினி, சாண்டோரினி போட்டோவுக்கு அழகு. முட்டிக்கு அழகில்ல 😄 எரிமலை வெடிச்சு நடுவுல குழிஞ்சு போன தீவு அது. பாறை விளிம்புலதான் ஊரே தொங்குது. எங்க திரும்புனாலும் படி. பீச்சும் கறுப்பு மணல். கமாரின்னு ஒண்ணு, பெரிசான்னு ஒண்ணு. மத்தியானம் செருப்பு இல்லாம நடந்தா தோசைக்கல்லுல நடக்குற மாதிரி

சித்தப்பா
பீச் பேரே பெரிசாவா 😂😂

கவிதா
ஆமா சித்தப்பா, பேரே அதான். நாங்க பாத்து வச்சிருக்கது நாக்சோஸ். சாண்டோரினி இருக்க அதே தீவுக் கூட்டத்துலயே பெரிய தீவு. மேற்குக் கரை முழுக்க மணல். அயியோஸ் ஜியோர்ஜியோஸ், அயியோஸ் ப்ரோகோப்பியோஸ், அயியா அன்னா, ப்ளாக்கான்னு ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணு. ப்ளாக்கா மட்டும் 4 கிலோமீட்டர் நீளம்

செல்வி அத்தை
ஏட்டி, வாயில நுழையிற பேரா சொல்லு

அருண் மாப்பிள்ளை
அயியோஸ்னா புனிதர் அத்தை. புனித ஜார்ஜ் பீச், புனித அன்னா பீச். அவ்ளோதான்

செல்வி அத்தை
அப்படிச் சொல்லுங்க மாப்ள. அவ என்னமோ ஐயோ ஐயோங்கா

அப்பா
கப்பலா? விமானமா?

கவிதா
ஃப்ராங்க்ஃபர்ட்ல இருந்து ஏதென்ஸ் ஃப்ளைட், மூணு மணி நேரம். அங்க பிரேயஸ் துறைமுகம் பக்கத்துல ஒரு ராத்திரி தங்கிட்டு மறுநாள் காலை ஏழரை வாக்குல கப்பல். நாக்சோஸ்லயும் ஏர்போர்ட் இருக்கு, ஆனா ரன்வே ரொம்பச் சின்னது, காத்தாடி வச்ச குட்டி விமானம்தான் இறங்கும். டிக்கெட்டும் விலை

அப்பா
கப்பல் போதும்.

அப்பா
எத்தனை மணி நேரம்? எப்படி ஏற வேண்டும்? ஏணியா?

கவிதா
அஞ்சு, அஞ்சரை மணி நேரம்ப்பா. மூணரை மணி நேரத்துல போற வேகக் கப்பலும் உண்டு. ஆனா அதுல வெளிய நின்னு கடல் பாக்க எடமே இருக்காது, பஸ்ல உக்காந்த மாதிரிதான். பெரிய கப்பல்ல ஏணி கிடையாது. கப்பல் பின்பக்கமா வந்து கரையில முட்டி நிக்கும். பின்கதவு அப்படியே இறங்கும், அது மேல லாரியும் காரும் நாமளும் ஒண்ணா உள்ள போகணும். கீழ்த்தளத்துல ஒவ்வொரு தீவுக்கும் தனித்தனி அலமாரி, பேரு எழுதி இருக்கும். நாக்சோஸ்னு போட்ட எடத்துல பெட்டிய வச்சுட்டு எஸ்கலேட்டர்ல மேல போயிரலாம்

அப்பா
கப்பலுக்குள் எஸ்கலேட்டர். முப்பத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் வேலை பார்த்தேன், ஒன்றுகூட பார்த்ததில்லை.

சித்தப்பா
அண்ணன் இப்பவே ஏறிட்டாரு 😂

முருகன் அண்ணன்
டிக்கெட்?

அருண் மாப்பிள்ளை
ஆளுக்கு 45 யூரோ வாக்குல வரும் மச்சான். சாதா டிக்கெட், எங்க எடம் இருக்கோ உக்காந்துக்கலாம். நடுவுல பாரோஸ்னு ஒரு தீவு வரும், பாதிக் கூட்டம் எறங்கும். அதப் பாத்து நாமளும் எறங்கிறக் கூடாது

முருகன் அண்ணன்
நாலாயிரத்தி ஐநூறு. ம்ம்

பிரியா மதினி
ஏன் ஆகஸ்ட்லயே போகக் கூடாது? இவருக்கு அப்பதான் லீவு

கவிதா
ரெண்டு காரணம் மதினி. ஒண்ணு காத்து. ஜூலை ஆகஸ்ட்ல வடக்க இருந்து விடாம அடிக்கும், மெல்டெமின்னு பேரு. வானம் பளிச்சுனு இருக்கும், மழை மேகம் ஒண்ணும் இருக்காது, ஆனா காத்து மட்டும் மூணு நாள் நாலு நாள் அடிச்சுத் தள்ளும். ரொம்ப ஆச்சுன்னா துறைமுகத்துலயே கப்பல விட மாட்டாங்க. செப்டம்பர் பாதிக்கு மேல கொஞ்சம் அடங்கும்

அப்பா
வேகக் கப்பல்தான் முதலில் நிற்கும். கனமான கப்பல் தாங்கும். நான் சொன்னேன் அல்லவா.

கவிதா
நீங்க இன்னும் சொல்லவே இல்லப்பா 😄

அருண் மாப்பிள்ளை
ரெண்டாவது காரணம் ஆகஸ்ட் 15. மாதா திருநாள். நாடே லீவு, எல்லாரும் தீவுக்குத்தான் வருவாங்க. பக்கத்துல டீனோஸ்னு ஒரு தீவு, அங்க ஒரு மாதா கோயில். 1823-ல மண்ணுக்குள்ள இருந்து எடுத்த படம் உள்ள இருக்கு. துறைமுகத்துல இருந்து கோயில் வரைக்கும் மேட்டுல முட்டி போட்டே போவாங்க. அந்த வாரம் கப்பல்ல எடம் கிடைக்காது, ரூம் வாடகை இன்னொரு மடங்கு

செல்வி அத்தை
நம்ம பனிமய மாதா கோயில் திருவிழா மாதிரில்லா இருக்கு. தேர் அன்னைக்கு ஊருக்குள்ள பஸ்ஸு நுழைய முடியுமா

கவிதா
அதே அத்தை. நிலாவுக்கு இப்ப நாலு வயசு, கிண்டர்கார்டன்தான். ஸ்கூல் போயிட்டா செப்டம்பர்ல இங்க ஒருநாள் லீவு கேக்க முடியாது. அதான் இந்த வருஷமே போயிரலாம்னு. அண்ணே, நீங்க கிரீஸ் மட்டும் வாறதா இருந்தா கிரீஸ் விசாவே போடணும். எந்த நாட்டுல அதிக நாளோ அந்த நாட்டு விசா. ஆறு மாசம் முன்னாடியே போடலாம், கடைசி நேரத்துக்கு வைக்காதீங்க

முருகன் அண்ணன்
👍

பிரியா மதினி
இந்த 👍க்கு அர்த்தம் எனக்குத் தெரியும். நான்தான் போடணும்

செல்வி அத்தை
எல்லாரும் பேசுதீங்க. கோமதி மதினி என்ன சொல்லுதாங்க? படிச்சிட்டாங்கன்னு ரெண்டு நீலக் கோடு காட்டுது

அப்பா
அவள் பக்கத்தில்தான் இருக்கிறாள். வருவாள். கடலில் மட்டும் இறங்க மாட்டாள்.

பிரியா மதினி
ஏன் மாமா?

அப்பா
1998. ஆவணித் திருவிழா. திருச்செந்தூரில் முங்கும்போது ஒரு அலை உருட்டிவிட்டது. எழுந்து பார்த்தால் தாலிச்சங்கிலி இல்லை. ஏழு பவுன். அன்றிலிருந்து கரையில் உட்கார்ந்து பை காவல்தான். நாழிக்கிணறோடு சரி.

சித்தப்பா
ஞாவகம் இருக்கு. நானும் முருகனும் இருட்டுற வரைக்கும் மண்ண அரிச்சோம். யாரோ விட்ட எட்டணாதான் கெடச்சுது

கவிதா
இது எனக்குத் தெரியவே தெரியாதே

அப்பா
நீ அப்போது சின்னப் பிள்ளை.

*ஞாயிற்றுக்கிழமை*

சித்தப்பா, காலை 5:58
(படம்) இனிய காலை வணக்கம். சிரிப்பே சிறந்த மருந்து 🌹

முருகன் அண்ணன், காலை 10:20
கவிதா அந்த ப்ளாக்கா பீச் பத்தி கொஞ்சம் படிச்சேன். உனக்கு ஒண்ணு தெரியுமா

கவிதா
என்னண்ணே

முருகன் அண்ணன்
ஒரு காலத்துல அங்க ஹிப்பிங்க கூடாரம் போட்டு இருந்தாங்களாம். இப்பவும் கடைசி மூலையில துணி இல்லாமதான் குளிப்பாங்களாம்

செல்வி அத்தை
என்னது

செல்வி அத்தை
முருகா

சித்தப்பா
*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

செல்வி அத்தை
நான் பாத்துட்டேன் தம்பி. உனக்கு விசா ஒண்ணுதான் கொறச்சல்

அருண் மாப்பிள்ளை
😂😂😂

கவிதா
ஐயோ இது குடும்ப குரூப்பு! நாலு கிலோமீட்டர் பீச்சு, தெற்குக் கோடியில ஆள் நடமாட்டம் கம்மியான எடத்துல அப்படிச் சில பேர் இருப்பாங்க. நாம அங்க போகவே போறதில்ல. நாங்க ரூம் பாக்கது அயியோஸ் ஜியோர்ஜியோஸ் பக்கம். ஊர்லயே இருக்கு, துறைமுகத்துல இருந்து நடந்தே போயிரலாம். குழந்தைங்களோட வாறவங்க அதிகம். எல்லாரும் துணியோடதான் இருக்காங்க

செல்வி அத்தை
எம்புட்டுத் துணி

கவிதா
அத்தை!!

பிரியா மதினி
சரி, சுத்தமா இருக்குமா? போட்டோல எல்லாப் பீச்சும் சுத்தமாத்தான் இருக்கும்

கவிதா
நீலக்கொடின்னு ஒண்ணு இருக்கு மதினி. டென்மார்க்ல இருக்க ஒரு அமைப்பு குடுக்குது. தண்ணிய சீசன்ல அடிக்கடி எடுத்துச் சோதிக்கணும், கக்கூஸ், குப்பைத்தொட்டி, காப்பாத்துற ஆள் எல்லாம் இருக்கணும். வருஷா வருஷம் புதுசா வாங்கணும், ஒரு தடவ வாங்குனா ஆயுசுக்கும் இல்ல. கிரீஸ்ல 600 பீச்சுக்கு மேல இருக்கு. ஸ்பெயினுக்கு அடுத்து அவங்கதான்

முருகன் அண்ணன்
நம்ம கோவளத்துக்கும் 2021-ல குடுத்தாங்களே. ஈசிஆர்ல. போன மாசம்கூட போனோம், நல்லாத்தான் வச்சிருக்காங்க

பிரியா மதினி
அப்ப கோவளமே போலாம்ங்கிறாரு, புரியுதா கவிதா

அருண் மாப்பிள்ளை
அந்தக் கடல் கண்ணாடி மாதிரி இருக்கதுக்குக் கொடி காரணமில்ல. பெரிய ஆறு எதுவும் அங்க வந்து சேருறதில்ல, அதனால சேறு இல்ல. தண்ணில சத்தும் கம்மி, பாசி வளராது. கண்ணுக்கு அழகு, மீனுக்குப் பட்டினி. அதான் அங்க மீன் அந்த விலை

அப்பா
சரியான விளக்கம். நம் தாமிரபரணி கலக்கும் இடத்தில் மீன் இருப்பதற்கும் இதுவே காரணம்.

அருண் மாப்பிள்ளை
இன்னொண்ணு, கரையில பழுப்பா நாடா மாதிரி காஞ்ச எலை ஒதுங்கிக் கெடக்கும். குப்பைன்னு நெனச்சுராதீங்க. கடலுக்குள்ள வளர்ற புல்லு. மணல் அரிச்சுட்டுப் போகாம பிடிச்சு வைக்கதே அதுதான்

கவிதா
மணலும் நம்ம மாதிரி பொடி இல்ல. ப்ரோகோப்பியோஸ்ல கொஞ்சம் பருபருன்னு இருக்கும், ரவை மாதிரி. உடம்புல ஒட்டாது, தட்டுனா உதிந்துரும். ஜியோர்ஜியோஸ்ல மணல் இன்னும் சன்னம்

செல்வி அத்தை
அந்தக் கட்டில் போட்டு குடை வச்சிருக்கே, அது ஓசியா

கவிதா
வாடகை. ரெண்டு கட்டில் ஒரு குடை 20 யூரோல ஆரம்பிக்கும், தண்ணி ஓரமா முன்வரிசைன்னா 50 தாண்டும்

செல்வி அத்தை
ஐயாயிரம் ரூவாயா? படுக்கதுக்கா? கடலு யாரு வீட்டுச் சொத்து?

கவிதா
இதே கேள்வியத்தான் அங்க உள்ள ஆளுங்களும் கேட்டாங்க அத்தை! 2023-ல பாரோஸ் தீவுல ஊர்க்காரங்களே கையில துண்டோட பீச்சுல ஊர்வலம் போனாங்க. நாங்க துண்டு விரிக்கக் கூட எடம் இல்லாம கட்டிலப் போட்டு வச்சிருக்கீங்கன்னு. துண்டு இயக்கம்னே பேரு ஆயிருச்சு. மறுவருஷம் அரசாங்கம் சட்டம் கொண்டு வந்துச்சு. பாதி பீச்சு காலியா விடணும், பாதுகாக்கப்பட்ட எடம்னா 70 சதவீதம். யாராவது மீறுனா போன்லயே புகார் போடலாம், அதுக்குன்னு ஆப் இருக்கு

செல்வி அத்தை
நல்ல சனங்க. நீங்களும் துண்டே கொண்டு போங்க

முருகன் அண்ணன்
அத்தைக்கு என் ஓட்டு

பிரியா மதினி
நான் கட்டில்லதான் படுப்பேன். ஒரு நாளாவது

கவிதா
ஒரு நாள் கட்டில், மத்த நாள் துண்டு. முடிஞ்சுது. ரூமுக்கு ராத்திரிக்கு ராத்திரி ஒரு வரி வேற இருக்கு, மூணு நட்சத்திர ஓட்டல்னா 5 யூரோ. போய் இறங்குனதும் கேப்பாங்க, அண்ணே அப்ப சண்டை போடாதீங்க

கவிதா
அப்புறம் அம்மாவுக்கு ஒரு முக்கியமான விஷயம். அங்க கக்கூஸ் குழாய் ரொம்பச் சின்னது. பேப்பரக்கூட உள்ள போடக் கூடாது, பக்கத்துல இருக்க கூடையிலதான் போடணும். கைக்குழாயும் இருக்காது. அதனால ஒரு மக்

செல்வி அத்தை
ரெண்டு மக்கு கொண்டு போங்க

*புதன்கிழமை*

கவிதா, இரவு 9:05
சாப்பாடு பத்தி பேசலாம். அம்மாவும் மதினியும் வெள்ளி செவ்வாய் சைவம்ல

பிரியா மதினி
அங்க சாலட் மட்டும்தானா? அந்த ரெண்டு நாளும் வெள்ளரிக்காயே தின்ன முடியாது

கவிதா
நானும் அப்படித்தான் பயந்தேன். நிறைய இருக்கு மதினி. ஃபாவான்னு ஒண்ணு, பேரு பீன்ஸ் மாதிரி இருந்தாலும் மஞ்சப் பருப்பு. மசிச்சு, மேல எண்ணெயும் வெங்காயமும். நம்ம பருப்புக் கடைசல்தான், காரம் இல்லாம. பெரிய மொச்சைய தக்காளில வேக வச்சுத் தருவாங்க. தக்காளி குடமிளகா உள்ள சோறு திணிச்சு சுடுவாங்க. நாக்சோஸ் உருளைக்கெழங்குக்கு அந்த நாட்டுல தனி மதிப்பு, நம்ம மணப்பாறை முறுக்கு மாதிரி ஊர்ப் பேரச் சொல்லியே விப்பாங்க. அம்மாவுக்கு உருளை போதும்

அருண் மாப்பிள்ளை
கடையில ஒரு சொல்லு சொன்னா போதும், நிஸ்டீசிமோ. அவங்க விரதச் சாப்பாடு. கறி, முட்டை, பால் ஒண்ணும் இருக்காது. ஆனா உஷாரா இருக்கணும், இறாலும் கணவாயும் அவங்க விரதத்துல சேத்தி

சித்தப்பா
ஆஹா. இது விரதம் 👌

அருண் மாப்பிள்ளை
இன்னொண்ணு, அங்க "நே"ன்னா ஆமான்னு அர்த்தம். போன தடவ கடைக்காரர் நே நேன்னாரு, நான் ஏதோ இல்லங்கிறாருன்னு எழும்பி வந்துட்டேன்

பிரியா மதினி
பீச் தவிர பாக்க என்ன இருக்கு? வெள்ளைச் சேலைக்கு ஒரு எடம் வேணும்

கவிதா
இருக்கு! ஊர் ஓரமா கடலுக்குள்ள ஒரு சின்ன மேடு, நடந்து போக பாதை உண்டு. அது மேல சலவைக்கல்லுல ஒத்தைக் கதவுநிலை, வீடு கெடையாது, நிலை மட்டும் நிக்குது. 2500 வருஷம் முன்னாடி அப்போலோவுக்குக் கோயில் கட்ட ஆரம்பிச்சு பாதில விட்டது. சாயங்காலம் சூரியன் அந்த நிலைக்குள்ள எறங்கும். தீவே அங்கதான் நிக்கும்

பிரியா மதினி
போதும். சாண்டோரினி கேன்சல். நான் அந்த வாசல்ல நிக்கேன்

கவிதா
உள்ள மலைப்பக்கம் ஹால்கின்னு ஒரு கிராமம். அங்க ஒரு பழைய வடிசாலை இருக்கு, 1896-ல இருந்து. கீத்ரோன்னு ஒரு மரத்தோட எலைய வடிச்சு மது எடுப்பாங்க. பச்சை, மஞ்சள், வெள்ளைன்னு மூணு வகை, பச்சை இனிப்பு, மஞ்சள் காட்டம்

சித்தப்பா
மாப்ள மஞ்சள் ஒண்ணு

கவிதா
அது என்ன மரம்னு பாத்தா, நம்ம நாரத்தை!

அம்மா, இரவு 9:31
நாரத்தையா

செல்வி அத்தை
வந்துட்டாங்க!!

கவிதா
அம்மா!! ஆமாம்மா, நாரத்தங்காதான். காயச் சக்கரைப் பாகுல போட்டு மிட்டாய் மாதிரியும் விப்பாங்க

அம்மா
உப்புல போட மாட்டாங்களா

கவிதா
பாத்ததில்லம்மா

அம்மா
எலைய என்ன செய்வாங்க சாராயம் மட்டும்தானா வேப்பிலைக்கட்டி செய்யத் தெரியாதா

அருண் மாப்பிள்ளை
நீங்க சொல்லிக் குடுக்கலாம் அத்தை

அம்மா
கொஞ்சம் எலை பறிச்சுத் தருவாங்களா. மெளகா வத்தலும் ஓமமும் நான் கொண்டாரேன்

அம்மா
கவிதா ஒண்ணு கேக்கணும். அந்தப் புனிதர் கடல்ல அலை எம்புட்டு ஒசரம் வரும்

கவிதா
ஜியோர்ஜியோஸ்லயாம்மா? காத்து இல்லாத நாள்ல அலையே இருக்காது. குளம் மாதிரி. நம்ம கடல் மாதிரி ஏறி எறங்குறதும் கெடையாது, காலையில எங்க தண்ணி நின்னுச்சோ சாயங்காலமும் கிட்டத்தட்ட அங்கயேதான். ரொம்பத் தூரம் நடந்தாதான் இடுப்பளவு வரும். நிலா வயசுப் பிள்ளைங்க உக்காந்து வெளையாடுதுங்க. கீழ மணல் தெரியும், உங்க கால் வெரல் தெரியும்

சித்தப்பா
அலை இல்லாத கடல் பாக்க அம்புட்டுத் தூரமா? நம்ம முத்துநகர் பீச்சுல என்ன அலையா அடிக்கு மதினி?

அம்மா
அங்க எல்லாரும் தெரிஞ்சவங்க

அம்மா
நைட்டியோட எறங்கலாமா

கவிதா
எறங்கலாம்மா. யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. ஆனா நைட்டி தண்ணில மேல மெதக்கும். முழுக்கை வச்ச நீச்சல் சட்டையும் பேண்ட்டும் இங்க கிடைக்கு, நான் வாங்கி வைக்கேன். உங்களுக்கு என்ன சைஸ்?

அம்மா
செல்விகிட்ட கேளு. அவதான் ஜாக்கெட்டு அளவு குடுப்பா

செல்வி அத்தை
தனியா அனுப்புதேன். இங்க தம்பி இருக்கான்

சித்தப்பா
நான் என்ன செஞ்சேன்

அப்பா
கோமதி, நீ இதை என்னிடம் சொல்லவே இல்லையே. முன் அறையில்தானே இருக்கிறேன்.

அம்மா
நீங்க கப்பல் கப்பல்னு பேசிட்டு இருந்தீங்க

அம்மா
செல்வி நான் சங்கிலிய கழட்டி உன்கிட்ட குடுத்துட்டுப் போறேன். மஞ்சக் கயிறு போதும்

செல்வி அத்தை
குடுங்க மதினி. திரும்ப வந்து கேக்கக் கூடாது 😄

பிரியா மதினி
அத்தை, நானும் உங்க கூட எறங்குதேன். கைய பிடிச்சுக்கிடலாம்

முருகன் அண்ணன்
விசா ஃபார்ம் எங்க இருக்கு? லிங்க் அனுப்பு

கவிதா
அனுப்புறேன்ண்ணே. செப்டம்பர் 14 திங்கள் காலைக் கப்பல், 20 திரும்புறது. அயியோஸ் ஜியோர்ஜியோஸ்ல தரைத்தளத்துல மூணு ரூம். சரின்னா இன்னைக்கே போடுறேன்

அப்பா
கப்பலில் உள்ளே சீட் வேண்டாம். மேல்தளம்.